வெடிப்புக்கு மேல் சுண்ணாம்பு

என் தோழி மண்ணைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவர். நான் இலங்கை மலையக மக்களின் வீட்டுப் பிரச்சினையைப் பத்திரிகைகளில் எழுதுகிறவன். இருவரும் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினால் அது குடும்பச் சண்டைக்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை. "மண்ணே அழுகிறது" என்று நான் எழுதுவேன். அவர் அதை அடித்துவிட்டு, "மண்ணு அழுவாதுங்க, நகரும். எவ்வளவு நகர்ந்துச்சுன்னு எழுதுங்க" என்பார். அட்டைக்குப் பயந்து இரண்டு சோடி காலுறை மாட்டி, அதன்மேல் சவர்க்காரமும் தேய்த்துக்கொண்டு மலையேறுகிற அந்த மனுஷிமேல் எனக்கு அடிக்கடி கோபம் வரும். பாசம் அதைவிடக் கூடுதல். அதை அவரிடம் சொன்னால் அதையும் அடித்துவிடுவார்.

வட்டவளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், சரிவை ஒட்டி, ஒரே கூரையின்கீழ் வரிசையாக ஆறு வீடுகள் கொண்ட பழைய லயம் ஒன்று இருந்தது. கடைசி வீட்டின் பின்சுவரில் கூரையிலிருந்து தரைவரை ஒரு வெடிப்பு. கொழுந்து பறிக்கிற ஒரு அக்காவின் வீடு அது. கணவரோடும் இரண்டு பிள்ளைகளோடும் இருந்தார். ஒரு வருடமாக மாதம் தவறாமல் அங்கே போனோம். தோழி வெடிப்பின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டுகளை ஒட்டி, பக்கத்தில் பென்சிலால் கோடும் திகதியும் போடுவார். சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையும்.

"இது எதுக்குங்க மாஸ்டர்?" என்று அக்கா ஒருநாள் கேட்டார்.

"சும்மா ஒரு அளவுக்குங்க" என்று சொன்னவன் நான்தான். பாவம், எதற்குப் பயமுறுத்த வேண்டும் என்று பெரிய மனிதத்தனம். அவர் அதற்குமேல் எதுவும் கேட்காமல், பிளேன்டீயும் மரவள்ளிக்கிழங்கும் கொண்டுவந்து வைத்தார்.

தீபாவளி முடிந்த வாரம் அதிகாரி ஒருவர் வருவதாகத் தகவல் கிடைத்தது. எந்தக் குடியிருப்புகளை முதலில் இடம் மாற்றுவது என்று பட்டியல் போடுகிறவர். ஒரு தடவைதான் வருவார். அவர் நம்பினால் ஆறு குடும்பங்களுக்கும் வேறு இடத்தில் வீடு. நம்பாவிட்டால் அடுத்த மழைக்கும் அதே சரிவுதான்.

அவரோடு போன அன்று, அக்காவின் வீட்டுக்குள் நுழைந்த தோழி அப்படியே நின்றுவிட்டார். பின்சுவர் பளிச்சென்று இருந்தது. கண்ணாடி இல்லை, கோடு இல்லை, திகதி இல்லை. வெடிப்பைச் சீமெந்தால் அடைத்து, நீலம் கலந்த சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். தீபாவளிக்கு லயத்தில் சுண்ணாம்பு அடிப்பார்கள் என்பது எங்கள் இருவருக்கும் பிறந்ததிலிருந்து தெரியும். தோழி பிறந்ததே ஒரு லயத்தில்தான். ஆனால் ஒரு வருட ஆராய்ச்சியில் அது எங்கள் மண்டையில் ஏறவே இல்லை.

"நீங்க வருவீங்கன்னு இந்தச் செவுத்தத்தான் மிஸ் மொதல்ல அடிச்சோம்" என்றார் அக்கா, முகமெல்லாம் சிரிப்பாக. "கண்ணாடி புள்ளைங்க கையக் கிழிச்சிரும்னு எடுத்துட்டேன்."

தோழியின் போனில் படங்கள் இருந்தன. எல்லாமே வெடிப்பும் அதை அளக்க வைத்த அடிமட்டமும் மட்டும் தெரிய, மிக நெருக்கத்தில் எடுத்தவை. அது யார் வீட்டுச் சுவர் என்று அந்தச் சுவரைக் கட்டியவனாலும் சொல்ல முடியாது. அதிகாரி நல்ல மனிதர். பொறுமையாகப் பார்த்துவிட்டு, படத்தில் இருப்பது இதே சுவர்தான் என்பதற்கு என்ன ஆதாரம் என்று சிங்களத்தில் கேட்டார். தோழி அதை அக்காவுக்குத் தமிழில் சொன்னார். கண்ணாடி ஒட்டியது வீடு நகர்கிறதா என்று பார்க்கத்தான் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டியிருந்தது.

அக்காவின் சிரிப்பு நின்றது.

"வூடு நவுருதான்னு பாக்கத்தான் ஒட்டுனீங்களா? அத என்னயக் கேட்டிருக்கலாமே மிஸ்."

விறுவிறுவென்று வாசலுக்குப் போய்க் கதவை இழுத்துக் காட்டினார். கதவின் மேல்மூலை சாய்வாகச் சீவப்பட்டிருந்தது. ஒவ்வொரு பெருமழைக்குப் பிறகும் கதவு நிலையில் இறுகுமாம். அவர் கணவர் சீவிச் சீவித்தான் சாத்துகிறாராம். அதிகாரி அளவு நாடாவை வைத்து அளந்தார். ஏதோ யோசித்துவிட்டு அடுத்த வீட்டுக் கதவையும் பார்த்தார். அதிலும் அதே மூலை. அதற்கடுத்ததிலும் அதேதான். லயமே ஒரு பக்கமாகச் சரிந்துகொண்டிருந்தது. மழைக்கு மரம் உப்புகிறது என்று தங்களையே சமாதானப்படுத்திக்கொண்டு, ஆறு வீட்டுக்காரர்களும் ஒருவருக்கொருவர் சொல்லாமலே ஒரே மூலையைச் சீவியிருந்தார்கள். நாங்கள் ஒரு வருடமாக அந்தக் கதவுகளைத் தள்ளிக்கொண்டுதான் உள்ளே போயிருக்கிறோம்.

அதிகாரி நீண்ட நேரம் எழுதினார். ஆறு கதவுகளையும் படம் எடுத்தார், இந்த முறை முழு வீடும் தெரிகிற மாதிரி. லயம் பட்டியலில் சேர்ந்தது.

அவர் போன பிறகு தோழி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. அவர் அழுது நான் பார்த்தது அன்று மட்டும்தான்.

"மன்னிச்சுக்குங்கக்கா. சொன்னா பயந்துருவீங்கன்னுதான் சொல்லல."

"பயப்படாமயா மிஸ் இருந்தேன்?" என்றார் அக்கா. "மழ புடிச்சா, ஓடுறதுக்குத் தோதா புள்ளைங்கள வாசப் பக்கமாத்தான் படுக்கப் போடுவேன். எனக்கு மட்டுந்தான் இப்புடித் தோணுதோன்னு வெக்கப்பட்டுக்கிட்டு யாருகிட்டயும் வாயத் தொறக்கல. ஒங்களுக்கும் பயம்னு தெரிஞ்சிருந்தா, ஒங்ககிட்டயாச்சும் சொல்லியிருப்பேன்."