கொப்பளிக்காத டேங்க்

தொண்ணூறு பவுண்டு. அவளைப் பற்றிச் சொல்ல இந்த ஓர் எண் போதும். வீட்டுக்குப் பின்னால், துணி காயும் கொடிக்குக் கீழே, பஞ்சர் கடைக்காரர் வேண்டாம் என்று தள்ளிவிட்ட பழைய கம்ப்ரசர் ஒன்று நிற்கிறது. காற்றழுத்த முள் தொண்ணூறில் வந்து நின்றால்தான் அவள் குழாயைக் கையில் எடுப்பாள். அவளுடைய கோபமும் அப்படித்தான். பட்டென்று வெடிக்காது. மெல்ல ஏறி, வேண்டிய இடத்தில் வந்து நிற்கும்.

வயது நாற்பத்திரண்டு. பல் மருத்துவமனையில் உதவியாளர். டாக்டரம்மா வேலையை முடித்து நிமிர்ந்ததும், நோயாளியின் கையில் தண்ணீர்க் கோப்பையைக் கொடுத்து "கொப்பளிங்க" என்று சொல்வது அவள்தான். அக்கம்பக்கத்தில் பாதிப் பேர் அவள் சொல்லிக் கொப்பளித்தவர்கள். அதனால் 'கொப்பளியக்கா' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. கணவரும் அப்படித்தான் கூப்பிடுவார், அக்காவை மட்டும் கழற்றிவிட்டு.

வேலைக்குப் போய்வர அவளிடம் ஒரு கனத்த பழைய மோட்டார் சைக்கிள். வினை அதில்தான் ஆரம்பித்தது. அவளுடைய கூடப்பிறந்த அக்காவின் கணவர் வண்டிகளுக்குப் பெயிண்ட் அடிக்கும் கடை வைத்திருக்கிறார். "கொழுந்தியா வண்டிக்குப் போய்க் காசு வாங்குவேனா?" என்று அவரே வண்டியைத் தள்ளிக்கொண்டு போய், பளபளவென்று கறுப்படித்துக் கொண்டுவந்து நிறுத்தினார். முதல் மழைக்கு டேங்கில் கொப்புளம். இரண்டாம் மழைக்கு அம்மை வார்த்தது போல் ஆகிவிட்டது.

அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில், சொந்தபந்தம் மொத்தமும் உட்கார்ந்திருந்தபோது அதைக் கேட்டாள்.

"பெயிண்ட்ல ஒரு தப்பும் இல்ல. வச்சிருக்கிற கையிலதான் தப்பு" என்றார் அத்தான். "பல்லக் கழுவுற மாதிரி தினம் வண்டியக் கழுவினா அது என்னத்துக்கு ஆகும்?"

மேசையே சிரித்தது. அக்காவும் சிரித்தாள். அன்றிலிருந்து எங்கே பார்த்தாலும் அத்தானின் முதல் கேள்வி, "கை எப்படி இருக்கு கொழுந்தியா?" என்பதுதான். பல்லைக் கடித்துக்கொண்டு அவளும் சிரித்து வைப்பாள்.

மருத்துவமனைக்குப் புதிதாக ஒரு கருவி வந்தது. சோடாத் தூளைக் காற்றோடு பீய்ச்சி அடிக்கும். பல்லில் படிந்த கறை பறந்துவிடும், பல்லுக்கு ஒன்றும் ஆகாது. இரண்டு நாள் அதையே உற்றுப் பார்த்தவள், மூன்றாம் நாள் கேட்டாள்.

"டாக்டர், இது இரும்புல இருக்கிற பெயிண்ட எடுக்குமா?"

"ஏன், யாருக்காவது இரும்புப் பல்லா?"

எடுக்கும் என்று அவளுக்குப் பட்டது. பெயிண்டுக்கு அடியில் அத்தான் என்ன செய்து வைத்திருக்கிறார் என்று பார்த்துவிட வேண்டும். சாக்குச் சாக்காகச் சமையல் சோடா வந்தது. கம்ப்ரசர் குழாயில் ஒரு துளை போட்டு, அதில் இன்னொரு குழாயைச் செருகி, அதன் மறுமுனையைச் சோடா வாளிக்குள் விட்டாள். முகத்துக்கு மருத்துவமனைக் கண்ணாடிக் கவசம்.

முதல் முயற்சியில் காற்றிலிருந்த ஈரம் பட்டுச் சோடா கட்டி தட்டி, குழாய் அடைத்து, இரண்டு முறை தும்மிவிட்டு நின்றது. காற்றின் ஈரத்தைப் பிடிக்க நடுவில் ஒரு வடிகட்டி மாட்டினாள். அடுத்த முயற்சியில் வாளி காலியானது. மட்கார்டு அப்படியே இருந்தது. அவளும் கொடித்துணியும் கணவரும் வெள்ளையானார்கள்.

"என்னை எண்ணெய்ல போடுறது மட்டும்தான் பாக்கி" என்றார் கணவர்.

முள் தொண்ணூறைத் தொட்டபின் குழாயைச் சாய்த்துப் பிடித்தால் பெயிண்ட் கழன்றுகொண்டு வரும் என்று கண்டுபிடிக்கச் சில வாரம் ஆனது. வந்தது. கறுப்புக்கு அடியில், மேடுபள்ளத்தை மறைக்கப் பூசும் பட்டி, நகத்தின் கனத்துக்கு. பட்டிக்கு அடியில் சுரண்டாமல் விட்ட துரு, ஈரம் மாறாமல். துருவின் மேலேயே பட்டியை அப்பி, அதன் மேல் பெயிண்ட் அடித்திருக்கிறார் மனிதர்.

"வச்சிருக்கிற கை" என்று ஒரு தரம் சத்தமாகச் சொல்லிப் பார்த்தாள்.

துருவையும் தேய்த்து எடுத்துவிட்டு, மறுபடி சோடா அடித்து, டப்பாப் பெயிண்டைத் தானே பூசினாள். ஒரே வாரம். வேகவைத்த கிழங்கின் தோல் போல் பெயிண்ட் உரிந்து வந்தது. அதையும் அத்தான்தான் முதலில் பார்த்தார். "அடடே, வண்டி சட்டை உரிக்குதே! இப்பவாவது ஒத்துக்கிறியா, கை சரியில்லன்னு?" என்று தெருவுக்கே கேட்கும்படி சிரித்தார்.

காரணம் மருத்துவமனையில்தான் பிடிபட்டது. பல்லில் சோடா அடித்து முடித்த ஒரு நோயாளி, உதட்டில் வெள்ளைத் தூளோடு எழுந்து போகப் பார்த்தார். "கொப்பளிங்க" என்று சொன்ன மறுநொடி அவள் கை அப்படியே நின்றது. நாள் முழுக்க ஊரைக் கொப்பளிக்க வைப்பவள், தன் வண்டியைக் கொப்பளிக்க வைக்கவில்லை. உரித்த இரும்பில் கண்ணுக்குத் தெரியாமல் சோடா படிந்திருந்தது. அதன் மேல் எந்தப் பெயிண்டும் ஒட்டாது. வினிகர் கலந்த தண்ணீரில் கழுவி, நன்றாக உலர்த்தி, மறுபடி பூசினாள். இந்தத் தடவை நகத்தால் கீறிப் பார்த்தும் அசையவில்லை.

யாரிடமும் சொல்லவில்லை.

அத்தான் தெருமுனையில் பெரிதாக இன்னொரு கடை திறக்க ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். வாசலில் காட்சிக்கு நிறுத்தத் தன் சொந்த வண்டியைத் தேர்ந்தெடுத்திருந்தார். அதன் டேங்கையும் மட்கார்டுகளையும் தூக்கிக்கொண்டு அவளிடம் வந்தார்.

"சும்மா சொல்லக் கூடாது, உரிக்கிறது மட்டும் உனக்கு நல்லா வருது. உரிச்சுக் குடு. பூசுறது நம்ம வேலை."

அவள் உரித்தாள். கண்ணாடி போல் மின்னியது இரும்பு. வாங்கிக்கொள்ள வந்தவரிடம், "அத்தான், பூசுறதுக்கு முன்னாடி ஒண்ணு செய்யணும்" என்று ஆரம்பித்தாள். உண்மையிலேயே சொல்லிவிடத்தான் நினைத்தாள்.

"பெயிண்ட் பத்தி எனக்கே பாடமா? பல்லப் பத்தி நான் உனக்குப் பாடம் எடுத்தேனா?"

"இல்ல அத்தான்" என்றாள். வாயில் வந்த வார்த்தையை மென்று விழுங்கினாள். இனிப்பாகத்தான் இருந்தது.

வெறும் இரும்பில் தண்ணீரே படக் கூடாது என்பது அத்தானின் தொழில் வேதம். எதையும் பெயிண்ட் கரைக்கிற தின்னரில்தான் துடைப்பார். தின்னரில் சோடா கரையாது என்பது அவளுக்குத் தெரியும். வீட்டிலேயே கரைத்துப் பார்த்திருந்தாள்.

திறப்பு விழாவுக்கு முந்தின நாள் அக்கா போனில் கேட்டாள். "நல்லா வரும்லடி? அவரு குழந்தை மாதிரி குதிச்சிக்கிட்டு இருக்காரு."

குழந்தை மாதிரி என்ற சொல்தான் எங்கோ குத்தியது. அந்தச் சாப்பாட்டு மேசையில் அக்கா சிரித்த சிரிப்பு ஞாபகம் வந்தது. குத்தியது போய்விட்டது.

"எல்லாம் அத்தான் கையிலதான்க்கா இருக்கு" என்றாள்.

மறுநாள் வாசல் கொள்ளாத கூட்டம். நல்ல வெயில். கருஞ்சிவப்பில் வண்டி ஜொலித்தது. ரிப்பன் வெட்டியதும் அத்தான் ஒரு வெள்ளைத் துணியை உதறி, எல்லோரும் பார்க்க டேங்கை ஓர் இழுப்பு துடைத்தார். துணியோடு பெயிண்டும் வந்தது. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சிவப்புத் தோல், துணியில் ஒட்டித் தொங்கியது. பதறிப்போய் விரலால் அழுத்தினார். விரலோடு இன்னொன்று வந்தது. பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரிக்க, அது முன்வரிசை வரைக்கும் பரவியது.

அத்தான் நிமிர்ந்து கூட்டத்தில் அவளைத் தேடினார். அவள் முன்னால்தான் நின்றிருந்தாள்.

"பெயிண்ட்ல ஒரு தப்பும் இல்ல அத்தான்" என்றாள், தெளிவாக, நிதானமாக. "கை எப்படி இருக்கு?"

அக்கா மட்டும் சிரிக்கவில்லை. தங்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை டேங்கோடு வந்து நின்றார் அத்தான்.

"என்ன செஞ்ச?"

"உரிச்சேன். நீங்க அதத்தான கேட்டீங்க."

"அப்ப என்ன செய்யாம விட்ட?"

"அதைச் சொல்றேன். அதுக்கு முன்னாடி, என் வண்டியில துருவுக்கு மேலயே பட்டி பூசினத நீங்க சொல்லணும். இங்க இல்ல. அக்கா வீட்டு மேசையில, அன்னைக்குச் சிரிச்சவங்க எல்லார் முன்னாடியும்."

அவர் டேங்கை அங்கேயே வைத்துவிட்டுப் போனார். அது இப்போது கொடிக்குக் கீழே, வினிகர் வாளிக்குப் பக்கத்தில் இருக்கிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை மதியம் எல்லோருக்கும் அக்கா வீட்டில் சாப்பாடு.