தகர வாளிக்கும் ஆடிய பேய்

ரொட்டியைப் பிட்டு வாயருகே கொண்டுபோனேன். வாய் திறக்கவில்லை.

முதலில் சிரிப்புத்தான் வந்தது. கொழுந்து பறிக்கும் மலையில் ஓயாமல் வாயாடுகிறவள் என்று எனக்குப் பெயர்; வேலை வாங்கும் கங்காணி அதற்காக என்னைத் திட்டாத நாளில்லை. "கங்காணி சாபம் பலிச்சிருச்சு" என்று பக்கத்து நிரையில் நின்றவளிடம் சொன்னேன். அந்தச் சொல்லும் பல்லிடுக்கு வழியாகத்தான் வெளியே வந்தது. தாடையை யாரோ உள்ளிருந்து இறுக்கிப் பிடித்துக்கொண்டது போல இருந்தது. தேத்தண்ணியை உறிஞ்சிக் குடித்துவிட்டுக் கூடையை மாட்டிக்கொண்டேன்.

எனக்கு வந்த நோயிலிருந்து எழுந்து வந்து கதை சொல்பவர்கள் குறைவு என்று பிறகு டொக்டர் சொன்னார். எழுந்து வந்தவள் வாயை மூடிக்கொண்டிருப்பது சரியில்லை. உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி வந்தால் உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

அப்போது நாங்கள் இலங்கையில் அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில், ஒற்றை அறைக் காம்பரா ஒன்றில் நாலு பேராக இருந்தோம். நான், என் வீட்டுக்காரர், அத்தை, நாத்தனார் பாக்கியம். என் வீட்டுக்காரர் தேயிலைத் தொழிற்சாலையான ஸ்டோரில் பெட்டிகளுக்கு ஆணி அடிப்பவர். உடைந்துபோன பெட்டிப் பலகை கிடைத்தால் அங்கே மேற்பார்க்கும் டீமேக்கர் ஐயாவிடம் கேட்டு எனக்குக் கொண்டுவருவார். மெல்லிய மூன்றடுக்குப் பலகை அது. மோந்து பார்த்தால் தேயிலை மணக்கும்.

அந்தப் பலகையில் பூவும் கொடியும் மயிலும் அறுப்பது என் பைத்தியம். என் அண்ணன் இந்தியாவுக்குக் கப்பலேறியபோது எனக்கென்று விட்டுப்போனது ஒரு நூல்வாள். வளைந்த இரும்புச் சட்டத்தில், நூல்போன்ற பல்வாளை இழுத்துப் பூட்டியிருக்கும். பலகையில் சித்திரம் வரைந்து, ஊசியால் துளை போட்டு, அதற்குள் வாளை நுழைத்து அறுக்க வேண்டும். வாளைத் திருப்பக் கூடாது. அது ஒரே இடத்தில் ஏறி இறங்கிக்கொண்டிருக்க, பலகையைத்தான் மெதுவாகத் திருப்ப வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உட்கார்ந்தால் எனக்குப் பசி தெரியாது. சடங்கு, கல்யாணம், பிள்ளைப்பேறு என்று லயத்தில் எது நடந்தாலும் என் கையால் அறுத்த ஒரு சாமிப்படச் சட்டமோ கண்ணாடிச் சட்டமோ அந்த வீட்டுக்குப் போகும். கூலி கேட்டதில்லை. "நல்லாருக்கு" என்று சொல்லாதவர்களோடு மட்டும் கொஞ்ச நாள் பேசமாட்டேன்.

பாக்கியத்தின் கல்யாணத்துக்கு இரண்டு கிளிகள் வைத்த கண்ணாடிச் சட்டம் அறுத்துக்கொண்டிருந்தேன். ஒரு வளைவில் அவசரப்பட்டுவிட்டேன். வாள் முறிந்து, அதன் நுனி இடது பெருவிரலில் ஏறியது. ஊக்கால் கிண்டி எடுத்தேன். ஒரு சொட்டு இரத்தம் வந்திருக்கும். அதே கையால் மாட்டுப்பட்டியில் சாணி அள்ளி லீக்ஸ் பாத்திக்குப் போட்டேன். நாலைந்து நாளில் காயம் இருந்த இடமே தெரியவில்லை. அதன் பிறகுதான் அந்த ரொட்டி.

மறுநாள் கழுத்து திரும்பவில்லை. தோட்டத்து மருந்துக்காரர் ஈறு வீங்கியிருக்கும் என்று உப்புத் தண்ணீர் கொப்பளிக்கச் சொன்னார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆறிப்போன விரலை நானே நினைக்கவில்லை. அவர் எதைக் கண்டார்? கொப்பளிக்கத் தண்ணீர் உள்ளே போக வேண்டுமே, அதுவும் போகவில்லை.

அன்று மத்தியானம் அத்தை கதவைச் சாத்தினார். அந்தச் சத்தத்துக்கு என் முதுகு வளைந்து பாயைவிட்டு எழும்பியது. குதிகாலும் பின்மண்டையும் மட்டும் தரையில் இருந்தன. மூச்சு நின்றுபோனது. தசை ஒவ்வொன்றும் எலும்பிலிருந்து கழன்று வருவது போன்ற வலி. கத்தவேண்டும் என்றால் வாய் வேண்டும். கொஞ்ச நேரத்தில் உடம்பு தானாகத் தளர்ந்தது. அடுத்ததாக யாரோ இருமினார்கள். மறுபடியும் வளைந்தது.

நோயாளியைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இந்த நோயில் அறிவு மங்குவதில்லை. நீங்கள் தலைமாட்டில் நின்று பேசுவது எல்லாம் அவருக்குக் கேட்கிறது. எனக்கும் எல்லாம் கேட்டது.

"பாருங்கடி, சிரிக்கிறா. நம்மளப் பாத்துச் சிரிக்கிறா" என்றாள் ஒருத்தி.

நான் சிரிக்கவில்லை. முகத்துத் தசைகள் இழுத்து, உதடு இரண்டு பக்கமும் விரிந்து, பல் வெளியே தெரிந்தது. புருவம் மேலே ஏறியிருந்தது. பார்ப்பவர்களுக்கு அது சிரிப்பாகத்தான் தெரியும். தேயிலை மலையில் தனியாக நின்றபோது ஏதோ பிடித்துக்கொண்டது என்று லயம் முழுக்கப் பேச்சாகிவிட்டது. அத்தை அழுதுகொண்டே போய் அடுத்த தோட்டத்தில் பேயோட்டும் கோடாங்கியை அழைத்துவந்தார். என்மேல் இருந்த பாசத்தில்தான் போனார்.

உடுக்கின் முதல் அடி விழுந்தது. என் உடம்பு துள்ளியது.

"வந்திருச்சு!" என்றார் கோடாங்கி. "யாரு நீ? எங்கேருந்து வந்த? வாயத் தொறந்து சொல்லு!"

வாயைத் திறக்க முடிந்தால் அவரை என்ன சொல்லித் திட்டியிருப்பேன் என்று எனக்குத்தான் தெரியும். உடுக்கு வேகமாக ஒலித்தது. அடிக்கு அடி என் முதுகு வளைந்தது. பேய் பதில் சொல்கிறது என்று அவர் இன்னும் ஓங்கி அடித்தார். வேப்பிலை என் முகத்தில் பட்டது, அதற்கும் வளைந்தது. நிறுத்தினால் பிழைப்பேன், நிறுத்தாவிட்டால் செத்துப்போவேன் என்று எனக்கு அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது. அந்தக் காம்பராவில் அது தெரிந்தது எனக்கு ஒருத்திக்குத்தான். பயம் என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் கண்டேன்.

கோடாங்கி வெற்றிலை போட உடுக்கைக் கீழே வைத்தார். அந்த வேளையில் வெளியே தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் யாரோ தகர வாளியைக் கல்லில் தவறவிட்டார்கள். என் உடம்பு வில்லாக வளைந்தது.

வாசலில் நின்றிருந்த என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். வெளியே திரும்பிப் பார்த்தார். பிறகு அந்த வாளியைக் கொண்டுவந்து, விரல் கணுவால் ஒரே ஒரு தட்டுத் தட்டினார். நான் வளைந்தேன். வாளியை மெதுவாகத் தரையில் வைத்தார்.

"அம்மா, உடுக்குக்கு ஆடுனா பேயின்னு சொல்லுங்க. தகர வாளிக்கும் ஆடுற பேய் எந்த ஊருப் பேய்?"

"சும்மா இருடா. சாமி காரியத்துல குறுக்க வராத" என்றார் அத்தை.

"இனி ஒரு அடி விழுந்தா அவ மூச்சு நின்னுரும். நான் விடமாட்டேன்."

அம்மாவை எதிர்த்து அவர் பேசி நான் கேட்டதே இல்லை. கோடாங்கி என்னையும் வாளியையும் பார்த்தார். உடுக்கை எடுத்துத் துணியில் சுற்றினார்.

"இது என் கைக்கு அடங்குறது இல்ல தம்பி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ" என்றார். அந்த மனிதருக்கு இன்றைக்கும் என் மரியாதை உண்டு.

ரயில் நிலையத்துக்குத் தேயிலை ஏற்றும் லொறி ஸ்டோர் வாசலில் நின்றது. ஓட்டுபவர் காதர் நானா. பெட்டிகளுக்கு நடுவே சாக்கு அடுக்கி என்னைப் படுக்கவைத்தார்கள். காதில் பஞ்சு அடைத்தார்கள்.

"ஹோர்ன் அடிக்கவே கூடாது நானா" என்றார் என் வீட்டுக்காரர்.

"இந்த ரோட்டுலயா? முடக்குக்கு முடக்கு பஸ் வருமேப்பா."

"நான் முன்னால ஓடுறேன். துண்ட ஆட்டுனா வாங்க."

அப்படியே போனோம். ரோடு வளைந்து திரும்பும் ஒவ்வொரு முடக்கிலும் லொறி நின்றது. அவர் இறங்கி ஓடி, எதிரே ஒன்றும் வரவில்லை என்று பார்த்துத் துண்டை ஆட்டினார். ஒரு முடக்கில் அவர் துண்டை ஆட்டிய பிறகு பஸ் ஒன்று வந்துவிட்டது. நானா பிரேக்கை மிதித்த சத்தத்தில் எனக்கு மூச்சு நின்று, கண் இருட்டிக்கொண்டு வந்தது. முடிந்தது என்றே நினைத்தேன். பிறகு மூச்சு வந்தது.

நகரத்து ஆஸ்பத்திரியில் இருந்தவர் சிங்கள டொக்டர். என் முகத்தைப் பார்த்ததும் அவர் கேட்டது ஒன்றுதான்.

"கையிலே காலிலே காயம் இருந்ததா?"

என் வீட்டுக்காரர் யோசித்துவிட்டு என் பெருவிரலைக் காட்டினார். ஏற்புவலி (மண்ணிலும் சாணியிலும் இருக்கும் கிருமி காயத்துக்குள் புகுந்து, அதன் நஞ்சு தசைகளை இழுக்கும் நோய்) என்று டொக்டர் சொன்னார். தனுர்வாதம் என்றும் இதற்குப் பெயர் உண்டு. எதிர்நஞ்சு மருந்து (குதிரையின் இரத்தத்திலிருந்து எடுப்பது) ஊசியாகப் போட்டார்கள். மூக்கு வழியாகக் குழாய் விட்டுப் பால் ஊற்றினார்கள்.

"பொழைப்பாளா ஐயா?"

"இப்ப சொல்ல ஏலாது. இருட்டு அறையில வைக்கணும். சத்தம் வேணாம். தொடவும் வேணாம்."

"நான் அவ புருசன் ஐயா."

"நீங்களும் தொட வேணாம்."

அந்த அறையில் பகலும் இரவும் இல்லை. ஒரு சத்தத்துக்கும் அடுத்த சத்தத்துக்கும் நடுவில் இருப்பதுதான் எனக்கு நேரம். தள்ளுவண்டிச் சக்கரம் வருகிறதா, தாழ்ப்பாள் விழப்போகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கிடப்பேன். மழை தொடர்ந்து பெய்தால் ஒன்றும் செய்யாது. கூரைத் தகரத்தில் விழும் முதல் துளிகள்தான் என்னை முறித்துப்போடும்.

என் வீட்டுக்காரர் தாழ்ப்பாளுக்கு என் பழைய சேலையைக் கிழித்துச் சுற்றினார். நடையில் சாக்கு விரித்தார். நான் மருந்தில் தூங்கிய வேளையில் கூரைமேல் ஏறி அங்கேயும் சாக்கைப் பரப்பிக் கல் வைத்தார். ஆஸ்பத்திரிக்காரர்கள் ஏசினார்கள். டொக்டர் வந்து அண்ணாந்து பார்த்துவிட்டு, "இருக்கட்டும்" என்று சொல்லிப் போய்விட்டாராம். அதன் பிறகு என் வீட்டுக்காரர் வாசலில் நின்று காக்கை விரட்டினார், அதையும் சத்தமில்லாமல். அவருடைய நிழல் மட்டும் கதவிடுக்கில் தெரியும். ஒரு தடவையாவது வந்து கையைப் பிடிக்கமாட்டாரா என்று ஏங்கினேன். பிடித்தால் செத்துப்போவேன் என்றும் தெரியும்.

இழுப்பு எப்போது குறையத் தொடங்கியது என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு காலை, வாளி வைக்கும் சத்தம் கேட்டு உடம்பு லேசாக விறைத்ததோடு நின்றுவிட்டது. பிறகு பல்லுக்கு நடுவே ஒரு விரல் நுழையும் அளவுக்கு வாய் திறந்தது. என் வாயிலிருந்து வந்த முதல் சொல் "வாள்?"

"அம்மா கக்கூசுக் குழியில போட்டுட்டாங்க" என்றார் அவர். சொல்லிவிட்டு அழுதார்.

டொக்டரிடம் அத்தை வாளைப் பற்றி முறையிட்டபோது அவர் தலையாட்டினார். "வாள் கதவைத் திறந்தது. உள்ளே வந்தது சாணி. காயத்தைச் சவுக்காரம் போட்டுக் கழுவி, உடனே ஊசி போட்டிருந்தா இவ்வளவு இல்லை" என்றார். வாசிக்கும் நீங்களும் இதை மறக்க வேண்டாம்.

வீட்டுக்கு வந்து எழுந்து நின்றபோது சேலை தரையில் இழுபட்டது. சேலையைச் சரியாகக் கட்டவில்லை என்று பாக்கியம் குனிந்து கொசுவத்தைத் திருத்தினாள். மறுபடியும் இழுபட்டது. என் தசைகளே இழுத்து, முதுகுத்தண்டில் சில எலும்புகளை நசுக்கிவிட்டனவாம். நான் குட்டையாகிப்போயிருந்தேன். அதற்காகத் தனியாக உட்கார்ந்து அழுதேன். கூடை தூக்க முடியாதவளுக்கு ஸ்டோரில் தேயிலைக் குச்சி பொறுக்கும் வேலை கொடுத்தார்கள். லயத்தில் சிலர் என்னைப் பேய் இறங்கியவள் என்றே நெடுநாள் சொன்னார்கள். சொல்லட்டும்.

என் வீட்டுக்காரர் ஸ்டோர்ப் பட்டறையில் இரும்புக் கம்பியை வளைத்து ஒரு சட்டம் செய்து, ஹட்டனில் பல்வாள் வாங்கிக் கொடுத்தார். முதல் நாள் அறுத்தபோது வாளின் கிறீச்சென்ற சத்தத்துக்கே முதுகு இறுகியது. பலகையை வைத்துவிட்டேன். அடுத்த ஞாயிறு கொஞ்சம் அறுத்தேன். உடம்பு எதற்கோ காத்திருந்துகொண்டே இருந்தது. நடக்கும்போதும் சோறு தின்னும்போதும் அடுத்த சத்தத்துக்காக அது தயாராக நின்றது. நோய் போய்விட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கு நம்பிக்கை வரவில்லை.

அவரும் நம்பவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் அவர் என்னைப் பின்னாலிருந்து தொட்டதே கிடையாது. எதிரே வந்து நிற்பார், கையைக் காட்டுவார், நான் பார்த்துவிட்டேன் என்று தெரிந்த பிறகுதான் தோளில் வைப்பார். பாயில் படுத்திருக்கும்போதும் அப்படித்தான். அந்தக் கையைப் பார்க்கும்போதெல்லாம் நான் இன்னும் அந்த இருட்டு அறையில் கிடப்பதாகத் தோன்றும். அவரிடம் அதை எப்படிச் சொல்வது?

மாதங்கள் போயின. ஒரு ஞாயிற்றுக்கிழமை, காதர் நானாவின் லொறிக்குள் மாட்டுவதற்குப் பிறையும் நட்சத்திரமும் அறுத்துக்கொண்டிருந்தேன். நட்சத்திரத்தின் கூர்முனை, பலகையை மூச்சுவிடாமல் திருப்ப வேண்டிய இடம். வெளியே போய்விட்டு வந்த அவர் பின்னாலிருந்து குனிந்து, "நல்லா வந்திருக்கு புள்ள" என்று என் தோளில் கையை வைத்தார்.

வாள் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. முனையைத் திருப்பி முடித்தேன்.

அப்போதுதான் அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். நெருப்பைத் தொட்டவர் போலக் கையை உதறி எடுத்தார். "ஐயோ, பவளம்..." என்றார். முகத்தில் இரத்தமே இல்லை.

ஆஸ்பத்திரிச் சீட்டில் நான் குணமாகி வெளியேறியதாக வேறொரு நாள் எழுதியிருக்கிறது. என் கணக்கில் நான் குணமானது அந்த ஞாயிற்றுக்கிழமைதான். வாளைக் கீழே வைத்தேன். திரும்பிப் பார்க்கவில்லை.

"எடுக்காதீங்க" என்றேன். "அப்படியே வைங்க."