தலைவர் பேசியதும் நான் சொன்னதும்

நேற்றுத் தொலைக்காட்சியில் ஓர் அரசியல்வாதி சிங்களத்தில் முழங்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற கண்ணாடிக்காரர் வரிக்கு வரி தமிழில் சொன்னார். "கூட்டிக்கீட்டிச் சொல்லிப்போடாதையும், தம்பி" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். மகள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

அந்த உத்தியோகத்தை நானும் பார்த்தவன்தான், சம்பளமில்லாமல். வெள்ளைக்காரன் ஆண்ட கடைசிக் காலம். வெள்ளவத்தையில் அறை, கோட்டையில் கிளாக்கர் வேலை. பின்னேரங்களில் கொட்டாஞ்சேனைக்குப் போய்விடுவேன். கப்பலுக்கு நிலக்கரி ஏற்றுகிறவர்களின் சங்கக் கூட்டம் அங்கே நடக்கும். கரித்தூளும் பீடிப் புகையும் கலந்த மணம் என் சட்டையோடு அறைக்கு வரும். வீட்டுக்கார அம்மா மூக்கைப் பொத்துவா. எனக்கோ அது பெருமை.

தலைவர் சிங்களத்தில் பேசுவார், தமிழில் சொல்வது நான். அவர் இரண்டு வசனம் பேசினால் நான் ஐந்து பேசுவேன். கைதட்டு வாங்கிப் பழகிவிட்டது, என்ன செய்ய? வேலைநிறுத்தம் தொடங்கிய அன்று அவர், "கடைசிவரை போராடுவோம்" என்றார். நான், "இங்கே பிறந்தவர், இந்தியாவிலிருந்து வந்தவர் என்று பார்க்க மாட்டேன். உங்களில் ஒருவரையும் கைவிட மாட்டேன்" என்றேன். முன்வரிசையில் இருந்த சோலைமுத்து முதலில் எழும்பினார். கரிக்கூடை தூக்கித் தூக்கித் தோள் காய்த்துப்போன மனிதர். பிறகு கூட்டமே எழும்பியது.

தலைவருக்குத் தமிழ் விளங்கும். மேடையிலிருந்து இறங்கி என் தோளில் தட்டி, அந்த வசனத்தை எல்லாக் கூட்டத்திலும் சொல்லும்படி இங்கிலீஷில் சொன்னார். சொன்னேன். அதை நம்பி அரைப்பட்டினி கிடந்து வென்றார்கள்.

அந்த வெற்றியோடு அவர் எல்லாச் சங்கங்களும் சேர்ந்த சம்மேளனத்துக்கே பிரசிடென்ட் ஆனார். கார் வந்தது, தேர்தல் ஆசையும் வந்தது. ஆள் குறைக்க வேண்டும் என்று கம்பனி கேட்டபோது, இந்தியாவிலிருந்து வந்தவர்களை முதலில் நிறுத்தலாம் என்று கையெழுத்து வைத்துவிட்டார். பச்சைத் துரோகம்.

கல்கிசையில் இருந்த அவருடைய புது வீட்டுக்கு ஓடினேன்.

"வாக்குக் குடுத்தனீங்கள்தானே, சேர்?"

"நான் எங்க குடுத்தது? அது உம்மட பேச்சுத்தானே."

என்னோடு அவர் தமிழில் பேசியது அன்றைக்குத்தான்.

இந்தியக் கப்பலுக்கு ஆள் கொண்டுபோகும் தலைமன்னார் ரயில் புறப்படுமுன், வேலை போன சோலைமுத்துவைக் கோட்டை ஸ்டேஷனில் பிடித்தேன். மனைவி பிள்ளைகளோடு தகரப் பெட்டிமேல் இருந்தார்.

"தலைவர் எங்களை ஏமாத்திப்போட்டார், சோலைமுத்து."

"அவரு பேசுனது எங்களுக்கு எங்கங்க வெளங்குச்சு? நீங்க சொன்னீங்க, நம்புனோம்."

திட்டியிருந்தால் தேவலை. எனக்கும் இடம் விட்டு ஒதுங்கி உட்கார்ந்தார். நான் உட்காரவில்லை.

இப்போது கரிக் கப்பல் இல்லை. அவர்கள் குடியிருந்த வரிசை வீடுகளும் இல்லை. தலைவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் ஏமாற்றினார் என்று இத்தனை வருஷமும் எல்லோரிடமும் சொல்லிவந்திருக்கிறேன். கடலுக்கு அந்தப் பக்கம் சோலைமுத்து சொல்லியிருந்தால், என்னைத்தான் சொல்லியிருப்பார்.