கல்லா பாறையா என்று கேட்டவர்

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னியுங்கள். பிள்ளை இப்போதுதான் உறங்கினாள். ரிஸ்மினா டீச்சரோடு நம் பாடசாலையில் படிப்பித்த உங்கள் எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

வியாழக்கிழமை காலை பெரகல சந்தியில் பஸ்ஸுக்கு நின்றபோது செய்தி வந்தது. பதுளை ஆஸ்பத்திரியில் விடியும்போது டீச்சர் போய்விட்டாராம். லுஹர் தொழுகைக்குப் பிறகு ஜனாஸா அடக்கம் என்றார்கள். மழையில் பாதை சரிந்து, வந்த பஸ்ஸும் திரும்பிப் போனது. கடைசியாக ஒரு தடவை முகம் பார்க்கக் கிடைக்கவில்லை.

அவர் புவியியல் டீச்சர். நான் சின்ன வகுப்புக்குப் படிப்பித்தேன். எதிலும் விட்டுக்கொடுத்துப் போகிற மனுஷி, ஒரு விஷயத்தில் மட்டும் பாடசாலை அதிபரிடமே மல்லுக்கு நிற்பார். மலைக்கு அடியில் ஓடும் தாய்ப்பாறை, மண் விலகிய இடத்தில் தலைகாட்டினால் அது வெளிப்பாறை. மேலிருந்து என்றோ உருண்டு வந்து உட்கார்ந்தது, வீட்டளவு பெரிதானாலும் வெறும் கல். "வெளிப்பாறைன்னு அழகா ஒரு பேர் இருக்கு. எல்லாத்தையும் கல்லுன்னு சொன்னா எப்படி புள்ள? அது மலையோட ஒடம்பு. இது வந்து குந்தின விருந்தாளி" என்பார்.

ஒருமுறை அப்புத்தளைப் பாதையோரம் முட்டி போட்டு, பாறையின் வரிகள்மேல் பேனாவைக் கிடத்தி, அவை எந்தப் பக்கம் ஓடுகின்றன என்று பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்துத் தேயிலை மலையில் வேலை வாங்கும் கங்காணி நின்று பார்த்தார்.

"என்னங்க டீச்சர், கல்லுக்கு மாப்பிள்ள பாக்க வந்தீங்களா?"

"ஆமாங்க. சொந்த ஊரா, வந்து குடியேறுனதான்னு விசாரிக்கிறேன்."

"நாங்களுந்தான் வந்து குடியேறுனவங்க. எங்களையும் கல்லுன்னு சொல்லிருவீங்க போல."

நாங்கள் சிரித்தோம். டீச்சர் சிரிக்கவில்லை. எழுந்து முழங்கால் மண்ணைத் தட்டிவிட்டு, "மனுசருக்கு அந்தக் கணக்கில்லங்க" என்றார். அந்தக் குரல் இன்னும் கேட்கிறது.

கார்த்திகை மழையில் எங்கள் லயத்து வீட்டுச் சுவர் பிளந்தது உங்களுக்குத் தெரியும். அன்றிலிருந்து கோயில் மண்டபத்தில்தான் இருக்கிறோம். புது வீடு கட்ட எங்களுக்குக் கொடுக்கப்போகும் காணி, சரிவில் நிற்கும் முனியாண்டிக் கல்லுக்கு நேர்கீழே. சனங்களே விரும்பிக் கேட்ட இடம் அது. தேயிலையைக் கவ்வாத்து வெட்டத் தொடங்கும் நாளில் தேங்காய் உடைப்பது அந்தக் கல்லுக்குத்தான். என் மாமியார் சொல்வார்: "சாமி உக்காந்த கல்லுடி. அது எங்க நகரப்போகுது?" உருண்டு வந்த கல்லென்றால் மறுபடியும் உருளுமே என்று எனக்குத்தான் பயம். டீச்சரைக் கூப்பிட்டேன்.

மறுநாளே வந்தார். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஏறினார். குங்குமம் பூசிய பக்கத்தைத் தொடாமல் பின்பக்கமாகச் சுற்றிப் போனார். "தலையில துணி போட்ட புள்ளைக்கு நம்ம சாமிமேல எம்புட்டு மரியாத!" என்று மாமியார் வாயில் கைவைத்தார். நம் பாடசாலைச் செல்வராணி டீச்சரும் யோகன் சேரும் கூடவே ஏறினார்கள். நான் பிள்ளையோடு கீழே நின்றேன்.

மழை பிடித்ததும் இறங்கி வந்தார். "வரியைப் பாத்துட்டேன் புள்ள. கீழ ரோட்டுக்கு வெட்டின எடத்துல இருக்கிற பாறையிலயும் இதே மாதிரி ஓடுதான்னு பாக்கணும். ரெண்டும் ஒரே பக்கம் ஓடினா வெளிப்பாறையா இருக்கலாம், மாறி ஓடினா உருண்டு வந்த கல்லு. அரைகுறையா சொல்லி உங்க பிள்ளைய அங்க படுக்க வைக்க ஏலாது" என்றார். அந்த வாரமே காய்ச்சலில் விழுந்தார். பிறகு எடுத்த போன்களில் அவரால் பேச முடியவில்லை.

தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் அந்த நேர்மையும், வெளிப்பாறை என்ற அந்த ஒரு சொல்லும்தான் அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியவை. இப்போது பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எந்த மேட்டைக் கடந்தாலும் நின்று பார்க்கிறேன். பார்க்கத்தான் வருகிறது, தீர்மானிக்க வரவில்லை.

மண்ணைப் பரிசோதிக்க ஆட்கள் வருவார்களாம், எப்போது என்று எவருக்கும் தெரியவில்லை. காணிக்குக் கையெழுத்து திங்கட்கிழமை. செல்வராணி, யோகன் சேர், மேலே பேனாவை வைத்துப் பார்த்தபோது டீச்சர் உங்களிடம் என்ன சொன்னார்? வரி எந்தப் பக்கம் ஓடியது? ஞாபகம் இருப்பதை அப்படியே எழுதுங்கள். நானே கீழே போய் ரோட்டோரப் பாறையில் பேனாவை வைத்துப் பார்க்கிறேன். தயவுசெய்து சீக்கிரம் பதில் போடுங்கள்.