வீடியோ இல்லாத கேமரா

பாதி திறந்த கதவு வழியாக ஒரு கை நீண்டு அந்தக் கேமராவை என்னிடம் கொடுத்தது. அக்காவை நினைத்தால் எனக்கு முதலில் அந்தக் கைதான் நினைவுக்கு வருகிறது. கேமரா சூடாக இருந்தது. மெமரி கார்டு போடும் இடத்தின் மூடி திறந்திருந்தது, உள்ளே கார்டு இல்லை. எவ்வளவு அவசரமானாலும் கேமராவை வெளியே தருவதற்கு முன் கார்டை உருவித் தன் இடுப்புப் பையில் போட்டுக்கொள்வார் அக்கா. "சத்தமே வரல தம்பி, இன்னான்னு பாரு" என்றார். கதவு மூடிக்கொண்டது. ராஜகீழ்ப்பாக்கம் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடி அது. கீழே ஆண்கள் பக்கத்தில் நிக்காஹ் அப்போதுதான் முடிந்திருந்தது. மாடியில் பெண்ணும் அவளைச் சுற்றியிருந்த பெண்களும் படத்துக்காகக் காத்திருந்தார்கள். நான் செருப்புக் குவியலுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து லென்சைக் கழற்றிப் பார்த்தேன். படம் எடுக்கும்போது உள்ளே ஏறி இறங்கும் சின்னக் கண்ணாடி மேலே போய் அப்படியே நின்றுவிட்டது. அதற்குப் பின்னால் ஷட்டர் தகடு ஒன்று மடங்கிக் கிடந்தது. மண்டப வராந்தாவில் வைத்துச் சரிசெய்கிற காரியம் இல்லை.

நான் ஒன்பதாவதோடு பள்ளியை விட்டவன். திருமுடிவாக்கத்தில் லேத் பட்டறையில் இரும்புத்தூள் அள்ளினேன், வண்டலூர் பூங்கா வாசலில் தொப்பி விற்றேன், ஓசூர் வரைக்கும் பார்சல் லாரியில் கிளீனராகப் போனேன். ஒரே இடத்தில் ஒரு வருஷம் இருந்தால் எனக்குக் கால் பரபரக்கத் தொடங்கிவிடும். சோற்றுக்கு இல்லாத நாளும் இருந்தது, படுக்க இடம் கிடைக்காமல் தாம்பரம் ஸ்டேஷனில் கிடந்ததும் உண்டு. என்னைப்போல நிறையப் பேர் இருந்தார்கள், அதில் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. லோடு ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில், விளக்குகளையும் ஸ்டாண்டுகளையும் ஏற்றிப்போக, அதுவரை முன்பின் தெரியாத அக்கா ஒருநாள் கூப்பிட்டார். முஸ்லிம் கல்யாணங்களில் பெண்கள் பக்கம் மட்டும் படம் எடுப்பவர் அவர். ஆண்கள் அங்கே நுழைய முடியாது, அதனால்தான் அந்த வேலைக்கு ஒரு பெண் தேவைப்பட்டார். சாமான்களை வாசல்வரை தூக்கி வைப்பதும், பேட்டரிக்குச் சார்ஜ் போடுவதும், முடிகிறவரை வெளியே உட்கார்ந்திருப்பதும் என் வேலை. அந்த ஒரு வேலையில்தான் நான் திரும்பத் திரும்ப வந்து நின்றிருக்கிறேன்.

அந்தக் கேமரா எப்படி என்று யாராவது கேட்டால் என்னால் ஒளிவுமறைவில்லாமல் சொல்ல முடியும். பத்து மெகாபிக்சல். நல்ல கனம், பிடித்தால் கைக்குள் உட்காரும். வெயிலில் எடுத்தால் தோலின் நிறமும் பட்டின் நிறமும் உள்ளது உள்ளபடி வரும் என்பார் அக்கா. மண்டப வெளிச்சத்தில் கொஞ்சம் தடுமாறும். வெளிச்சம் போதாமல் ஐஎஸ்ஓவை எண்ணூறுக்கு மேல் ஏற்றினால் நிழல் விழுகிற இடமெல்லாம் ரவை கொட்டியதுபோலப் புள்ளிகள் வரும். ஃபோகஸுக்கு ஒன்பது புள்ளிகள் இருந்தாலும் நடுவில் இருப்பதை மட்டும்தான் நம்பலாம், மற்ற எட்டும் பேருக்கு. வேகமாக எடுத்தால் கொஞ்ச நேரம் மூச்சுவாங்கி நிற்கும். பின்னால் இருக்கிற திரை தீப்பெட்டி அளவு. பேட்டரி மட்டும் ஒரு கல்யாணத்தைத் தாங்கிவிடும். கைப்பிடியின் ரப்பர் கழன்றுபோய் நான்தான் பசைபோட்டு ஒட்டிக் கொடுத்தேன். இவ்வளவும் அக்கா சலித்துக்கொண்டதையும் கதவுக்கு வெளியே கேட்ட சத்தத்தையும் வைத்துத்தான் எனக்குத் தெரியும். அது எடுத்த கல்யாணப் படம் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. பார்க்கவும் கூடாது.

சத்தம் என்றால் சாதாரணச் சத்தம் இல்லை. கண்ணாடி மேலே போய் இறங்கும்போது 'டடக்' என்று ஒரு வெட்டு விழும். பக்கத்து அறைக்குக் கேட்கும். அந்தச் சத்தத்தைத்தான் உள்ளே இருந்த பெண்கள் நம்பினார்கள். சத்தம் வந்தால் படம் எடுத்தாகிவிட்டது, வராதவரைக்கும் எடுக்கவில்லை, தலையில் துணி நழுவினாலும் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கலாம். அக்கா இந்த வேலைக்கு வந்த புதிதில் ஒரு வீட்டில், படம் வெளியே போய்விடுமோ என்று தயங்கினார்களாம். அக்கா கேமராவைத் திருப்பித் திருப்பி ஒவ்வொரு பட்டனாகக் காட்டியிருக்கிறார். "இதுல வீடியோ கெடையாது. போனுக்கு அனுப்புறதும் கெடையாது. படம் எங்கயாவது போவணும்னா நான் நடந்து போய்க் குடுத்தாதான் உண்டு" என்றிருக்கிறார். எல்லோரும் சிரித்துவிட்டார்களாம். புதுக் கேமரா வாங்குகிறவரைக்கும் சமாளிப்பதற்காகச் சொன்ன வார்த்தை அது. ஆனால் அந்த வார்த்தை குரோம்பேட்டை, பல்லாவரம் என்று அவருக்கு முன்னால் போய் நின்றுகொண்டது. கூப்பிடுகிறவர்கள் அவர் பெயரைக்கூடச் சொல்வதில்லை. வீடியோ இல்லாத கேமராக்கார அம்மா என்றுதான் சொல்வார்கள். தேதி குறிப்பதற்கு முன், அதே கேமராதானே என்று கேட்டுக்கொள்வார்கள்.

அதே கேமராதான். அதற்குப் பிறகு அவரால் அதை விடவே முடியவில்லை. ஒரு பள்ளிக்கூடத்தில் ஆண்டு விழாவுக்கு ஆள் தேடினார்கள், வீடியோவும் வேண்டும் என்றார்கள். பிறந்த குழந்தைகளைப் படம் எடுக்கும் வேலை ஒன்று வந்தது, படங்களை உடனே போனில் கேட்டார்கள். இரண்டுக்கும் அக்காவுக்கு ஆசைதான். ரெண்டு கேமரா வைத்துக்கொண்டால் என்ன என்று நான் கேட்டேன். அப்போது நாங்கள் சேலையூரில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவர் சொன்னார்: "வூட்ல ரெண்டாவது ஒண்ணு கீதுன்னு தெரிஞ்சா, மொதக் கேமராவ எவ நம்புவா?" நான் பிடிக்காத வேலையை விட்டு ராத்திரியோடு ராத்திரியாகப் பஸ் ஏறியவன். பிடித்த வேலைக்குள்ளேயே ஒருவர் இப்படி மாட்டிக்கொள்ள முடியும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

மண்டபத்தில் ஷட்டர் போன அன்றைக்கு நடந்ததை அக்கா பிறகு சொல்லித்தான் எனக்குத் தெரியும். பெண்ணின் சித்தி மகள் ஒருத்தி துபாயிலிருந்து வந்திருந்தாள். படம் நின்றுபோனதைப் பார்த்து ஓடிவந்து தன் புதுக் கேமராவைக் கொடுத்திருக்கிறாள். கண்ணாடி இல்லாத வகை, சத்தமே போடாது. சத்தம் வர எங்கே அழுத்துவது என்று அவளுக்கும் தெரியவில்லை. கல்யாணப் பெண் அலங்காரத்தோடு காத்திருக்கிறாள், இன்னொரு நாள் எடுக்கிற படம் இல்லை. அக்கா வாங்கிக்கொண்டார். இரண்டு மூன்று படம் எடுப்பதற்குள் உள்ளே சலசலப்பு. எடுத்தாயா இல்லையா, இப்போது எடுக்கிறாயா, நான் துணியைச் சரிசெய்யவே இல்லையே என்று ஆளாளுக்குக் கேட்டிருக்கிறார்கள். அக்கா ஒரு வழி கண்டுபிடித்தார். ஒவ்வொரு படத்துக்கும் நாக்கை மேலண்ணத்தில் தட்டி 'டடக்' என்றார். வெளியே உட்கார்ந்திருந்த எனக்கு அது கேட்டது. நாக்கால் ஒரு தட்டு, அப்புறம் கூட்டமாகச் சிரிப்பு, மறுபடி ஒரு தட்டு. உள்ளே ஒரு குரல், "ஏம்மா, வாய்க்கு ரிப்பேர் வந்தா எந்தக் கடைக்குக் கொண்டு போவே?" என்றது. அத்தனை வருஷத்தில் அந்தக் கதவுக்குப் பின்னாலிருந்து அவ்வளவு சிரிப்பு வந்து நான் கேட்டதில்லை.

அந்தக் குடும்பத்தில் ஒரு ஏற்பாடு உண்டு. படம் எடுக்கும் நேரத்தில் பெண்களின் போன்கள் எல்லாம் வாசலில் ஒரு பிளாஸ்டிக் கூடையில் இருக்கும். கூடை என் நாற்காலிக்குப் பக்கத்தில்தான் இருந்தது. அதில் ஒரு போன் விடாமல் மினுங்கிக்கொண்டிருந்தது. யாருக்கோ கல்யாண வாழ்த்து வருகிறது என்று நினைத்தேன். சாப்பாட்டு நேரத்தில் அந்தத் துபாய்ப் பெண் தன் போனை எடுத்துப் பார்த்துவிட்டு, சந்தோஷமாக எல்லோருக்கும் நீட்டியிருக்கிறாள். எடுக்க எடுக்கப் படங்கள் தானாகவே அவள் போனுக்கு வந்து உட்கார்ந்திருந்தன. அந்தக் கேமரா அப்படித்தான் போனோடு இணைக்கப்பட்டிருந்தது. அவள் மனதில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை.

கூச்சல் போட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். யாரும் குரலை உயர்த்தவில்லை. பெரியவர்கள் நாலைந்து பேர் பார்த்துக்கொண்டிருக்க, அந்தப் பெண் அழுதுகொண்டே போனிலிருந்து ஒவ்வொன்றாக அழித்தாள். அக்கா பக்கத்திலேயே நின்றார். பிறகு மாப்பிள்ளையின் அம்மா அக்காவை வாசல்வரை கூட்டிவந்தார். நான் ஸ்டாண்டுகளை மடக்கிக்கொண்டிருந்ததால் அவர் சொன்னது எனக்கும் கேட்டது. "உன் மேல தப்பு இல்லம்மா. ஆனா எதுக்காக உன்னக் கூப்பிட்டமோ, அது போயிடுச்சு." பிரியாணி கட்டிக் கொடுத்து அனுப்பினார்கள். அந்த வாரமே பல்லாவரத்தில் ஒரு கல்யாணம் கைவிட்டுப் போனது. சொந்தத்தில் ஒரு பெண்ணே எடுத்துக்கொள்கிறாள் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டார்கள். அடுத்ததும் அப்படித்தான். அக்காவுக்கு வேறு வருமானம் இல்லை. அந்த வார்த்தையை மீட்டால்தான் பிழைப்பு. அதற்கு அதே மாடல் கேமரா கையில் இருந்தாக வேண்டும்.

உடைந்ததற்கு உதிரிப்பாகம் இல்லை என்றார்கள். புதிதாகவும் அது எங்கும் கிடைக்காது, கம்பெனியே நிறுத்தி வெகுகாலம் ஆகிவிட்டது. அதனால் பழசைத் தேடிக் கடைகடையாக அலைந்தேன். அலைவது எனக்கு வருகிற காரியம். பழைய கேமராவை எப்படிப் பார்ப்பது என்று அந்த அலைச்சலில்தான் பழகினேன். லென்சை மூடிவிட்டு ஷட்டரைக் கொஞ்ச நேரம் திறந்தே வைத்து ஒரு படம் எடுத்தால், கெட்டுப்போன புள்ளிகள் இருட்டில் நட்சத்திரம்போலத் தெரியும். வெறும் வானத்தை எடுத்தால் உள்ளே இருக்கும் தூசு தெரியும். கார்டு போகும் இடத்தில் டார்ச் அடித்து, ஊசிகள் வளையாமல் நிற்கின்றனவா என்று பார்க்க வேண்டும். கடைசியாகக் காதருகே வைத்து அழுத்த வேண்டும். ஒரு கடைக்காரர் அதற்கு அடுத்த மாடலை எடுத்துக் காட்டினார். பார்க்க அச்சாக ஒன்றுபோல இருந்தது, படத்தில் ரவைப் புள்ளி குறைவு, வீடியோவும் உண்டு. யாருக்குத் தெரியப் போகிறது என்று அக்காவுக்குப் போன் போட்டேன். "எனக்குத் தெரியும்ல" என்றார். பழைய மாடலையே வாங்கினேன். கொஞ்சம் கொஞ்சமாக வேலை திரும்பி வந்தது. முதலில் கூப்பிட்ட வீட்டில் கேமராவை வாங்கி ஒவ்வொரு பட்டனாக அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விட்டார்களாம்.

அதற்குப் பிறகு நான் திருப்பூர் போனேன், கொஞ்சகாலம் ஓசூரில் இருந்தேன், இப்போது ஊரப்பாக்கத்தில் தண்ணீர் கேன் வண்டி ஓட்டுகிறேன். எங்கே போனாலும் அந்த மாடல் கண்ணில் பட்டால் விலை கேட்காமல் வர முடிவதில்லை. அக்கா இன்னும் அதே வேலைதான். கல்யாணப் பெண்களுக்குக் கையிலிருக்கும் போனே அதைவிட நன்றாகப் படம் எடுக்கிறது. படத்தில் ஏன் இவ்வளவு புள்ளி என்று கேட்கிறார்கள். அவர்களுடைய அம்மாக்கள், அதே கேமராதானே என்று கேட்கிறார்கள். இரண்டு கேள்விக்கும் அக்கா சிரித்துக்கொண்டே பதில் சொல்கிறார். போன மாதம் கூப்பிட்டார். இரண்டாவது கேமராவும் தடுமாறத் தொடங்கிவிட்டது, வேறு பார்க்கச் சொன்னார். தாம்பரத்தில் ஒருவர் வீட்டுப் பரணில் கிடந்ததை, பிடித்தால் வைத்துக்கொள்வது என்று பேசி வாங்கிப் போனேன்.

அக்கா வீட்டு மொட்டைமாடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. வானத்தை எடுத்துப் பார்த்தோம், தூசு இல்லை. தண்ணீர்த் தொட்டியை எடுத்தோம். அடுத்து முகம். எந்தக் கேமராவைச் சோதித்தாலும் முகத்துக்கு நான்தான் உட்காருவேன். இந்தத் தடவை அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "உன் தாடியில எந்த ஓட்டக் கேமராவும் ஃபோகஸ் புடிச்சிரும். வழவழன்னு இருக்கற மூஞ்சில பாக்கணும். நீ எடு" என்று சொல்லி, கவிழ்த்துப் போட்ட பக்கெட்டின் மேல் உட்கார்ந்து துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டார். அந்த மாடலின் கண் வழியாக ஒரு மனித முகத்தை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. நடுப்புள்ளியை அவர் கண்ணில் வைத்து அழுத்தினேன்.

தீப்பெட்டித் திரையில் படம் வந்தது. சாயங்கால வெயில் ஒரு பக்கக் கன்னத்தில் மட்டும் விழுந்திருந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்து, வேண்டாம் என்று நிறுத்திக்கொண்டவர்போல இருந்தார். அத்தனை கல்யாணங்களில் நின்ற அந்த மனுஷி எந்தப் படத்திலும் இருந்ததில்லை. அக்கா கேமராவை வாங்கிக் கண்ணை மட்டும் பெரிதாக்கினார். இமைமுடி தனித்தனியாகத் தெரிந்தது. பிறகு நிழல் விழுந்த கன்னத்துக்குப் போய்ப் புள்ளி எவ்வளவு என்று பார்த்தார். பிறகு துப்பட்டாவின் ஓரம், அதன் நிறம். முழுப் படத்தை அவர் ஒருதடவைகூடப் பார்க்கவில்லை.

"சரியா கீது. இத்தையே வெச்சுக்கலாம்" என்றார்.

"படம் நல்லா வந்துகீதுக்கா. இது ஒண்ணு மட்டும் இருக்கட்டுமே" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். கோபம் இல்லை. "ஞாயித்துக்கெழம நிக்காஹ் கீது தம்பி. கார்டு காலியாத்தான் உள்ள போவணும்" என்றார். எல்லாவற்றையும் அழிக்கவா என்று கேமரா கேட்டது. கேள்வியைப் படித்து முடிக்கிற நேரம்கூட எடுத்துக்கொள்ளாமல் அவர் விரல் அழுத்திவிட்டது. படம் எதுவும் இல்லை என்று திரையில் வந்தது. அதை மட்டும் ஒரு தடவைக்கு இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டு, கேமராவை என் கையில் கொடுத்து, காய்ந்த துணிகளை எடுக்கத் தொடங்கினார்.