டாக் சத்தமும் கொலு மாமிகளும்

கோயம்புத்தூருக்கு மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டேன் என்று என் கணவர் சொன்னபோது நான் பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். வங்கியிலிருந்து வந்து, சட்டையைக் கழற்றிக்கொண்டே, பால்காரனிடம் நாளைக்கு ஒரு பாக்கெட் கூடுதலாகச் சொல்லிவிட்டேன் என்கிற மாதிரி சொன்னார். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"நான் பொறந்து வளர்ந்த ஊருன்னா இந்தக் கல்கத்தா. என்னைக் கேக்காம எப்படி முடிவு பண்ணினேள்?"

"உனக்காகவா போறோம்? அவளுக்காக. நமக்கப்புறம் அவ இருக்கறதுக்கு அமைதியா ஒரு இடம் வேண்டாமா? இந்த ஊர்ச் சத்தம் அவளுக்கு ஆகாது."

நான் மறுபடி பூசணிக்காயை நறுக்க ஆரம்பித்தேன். அவள் எங்கள் ஒரே பெண். கல்லூரியில் புள்ளியியல் படிக்கிறாள். ஆட்டிசம் இருப்பது அவளுடைய பள்ளி நாட்களிலேயே தெரிந்துவிட்டது. ரயில் அட்டவணை பற்றிக் கேட்டால் மூச்சு விடாமல் பேசுவாள். சாந்த்ராகாச்சி ஸ்டேஷனில் எந்த வண்டி எந்த நடைமேடைக்கு வரும் என்று அவளைக் கேட்டுக்கொண்டுதான் நாங்கள் டிக்கெட்டே எடுப்போம். அப்படிப்பட்ட பெண் வருஷா வருஷம் துர்கா பூஜை நாட்களில் சுருண்டு விழுவாள். சோறு இறங்காது, பேச்சு நின்றுவிடும், மணிக்கட்டைக் கடித்துக்கொள்வாள்.

டாலிகஞ்சில் எங்கள் ஃப்ளாட் முதல் மாடி. பூஜைப் பந்தலை எங்கள் பால்கனிக்கு நேர் கீழேதான் கட்டுவார்கள். டாக் என்று இந்த ஊரில் ஒரு பெரிய மேளம். தோளில் மாட்டிக்கொண்டு குச்சியால் அடித்தால் ஜன்னல் கண்ணாடி அதிரும். எல்லாம் அந்த டாக்கின் வேலை என்பதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை. உள்ளறை ஜன்னலில் மெத்தையைச் சாய்த்து வைப்போம், அவள் காதில் ஹெட்ஃபோனை மாட்டுவோம். நான் கீழே போய், பூஜை நடத்துகிற கிளப்காரர்களோடு சண்டை போடுவேன். அவர்களும் பாவம், எனக்குப் பயந்து ஒலிபெருக்கியை அந்தப் பக்கம் திருப்பி வைப்பார்கள்.

கரியாஹாட்டில் புடவைக் கடைக்கு மேல் மாடியில் இருக்கிற டாக்டரம்மாவிடம், மாற்றல் கேட்ட அந்த வருஷமும் அழைத்துப் போனோம். என்னைப் போன்ற மண்டூகத்துக்கும் புரிகிற மாதிரி பேசுகிறவர். மூளை சும்மா உட்கார்ந்து சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பதில்லை, அடுத்தது என்ன வரும் என்று முன்கூட்டியே ஊகித்துக்கொண்டே இருக்கிறது என்றார். ஊகம் பலித்தால், தெரிந்த சங்கதிதானே என்று சத்தத்தைத் தணித்துவிடும். பலிக்காவிட்டால் உடம்பு முழுவதையும் உலுக்கி எழுப்பிவிடும். உங்கள் அடுப்பில் குக்கர் விசில் அடித்தால் நீங்கள் திடுக்கிடுவதில்லை, தெரியாத வீட்டில் அடித்தால் தூக்கிப் போடும் இல்லையா என்று கேட்டார். சில மூளைகளில் இந்த ஊகமும் தணிப்பும் வேறு விதமாக நடக்கிறதாம். ஏன் என்று ஆராய்ச்சிக்காரர்களே இன்னும் ஒருமித்துச் சொல்லவில்லையாம்.

"எது கஷ்டம்னு அவளையே கேளுங்க" என்று வங்காளத்தில் சொல்லி அனுப்பினார்.

கேட்க என்ன இருக்கிறது என்று படி இறங்கும்போதே என் கணவர் முணுமுணுத்தார். நானும் தலையாட்டினேன்.

துர்கா பூஜை நடக்கிற அதே நாட்களில்தான் எங்கள் வீட்டில் கொலுவும். கல்கத்தா மாமிகளுக்குக் கொலு என்றால் உயிர். ஃபோன் பண்ணிவிட்டு வருகிற வழக்கமெல்லாம் கிடையாது. காலிங் பெல் அடிக்கும், கதவைத் திறந்தால் பட்டுப்புடவையில் நாலு பேர் நிற்பார்கள். "எங்கேடி கொழந்தை, ஒரு பாட்டுப் பாடச் சொல்லு" என்று ஆரம்பித்துவிடுவார்கள். நான் உள்ளறையிலிருந்து பெண்ணைக் கூட்டி வந்து நிறுத்துவேன். கன்னத்தை வழிப்பார்கள், பாடச் சொல்வார்கள், சுண்டல் வாங்கிக்கொண்டு தாங்களும் ஒன்று பாடிவிட்டுப் போவார்கள். டாக் சத்தத்தில் துவண்டு கிடக்கிற குழந்தை, மனுஷாளைப் பார்த்தால் கொஞ்சம் தெளிவாளே என்று நினைத்துக்கொள்வேன்.

அந்த வருஷம் மகாளய அமாவாசையன்று இவருடைய பெரியப்பா கும்பகோணத்தில் காலமானார். பங்காளித் தீட்டு, பத்து நாள். கொலு கிடையாது, விளக்கு கிடையாது, யாருக்கும் குங்குமம் கொடுக்க முடியாது. மாமிகள் எல்லோரும் ஃபோனில் துக்கம் விசாரித்ததோடு சரி. வீடு வெறிச்சென்று கிடந்தது. கீழே டாக் மட்டும் வழக்கம்போல் முழங்கியது.

அஷ்டமியன்று சாயங்காலம் பாலை ஆற்றிக்கொண்டு உள்ளறைக்குப் போனேன். ஹெட்ஃபோன் கட்டிலில் கிடந்தது. அவளைக் காணோம். பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தால், பந்தலுக்குள் மேளக்காரருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். கூடவே எதிர் ஃப்ளாட் பௌதி. வங்காளத்தில் அண்ணி என்று அர்த்தம். எனக்கு மூத்தவள் என்பதால் நானும் அப்படித்தான் கூப்பிடுவேன், என் பெண்ணும் கூப்பிடுவாள்.

செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன். பந்தல் வாசலில் கால் நின்றுவிட்டது. தீட்டுக்காரி அம்பாள் சந்நிதிக்குள் எப்படி நுழைவேன்? உள்ளே இருக்கிறவளுக்கும் அதே தீட்டுதான் என்பது அப்புறம்தான் உறைத்தது. கூப்பிட்டால் மேளத்தில் யாருக்குக் கேட்கும்? பௌதி என்னைப் பார்த்து, உள்ளே வா என்று கையசைத்தாள். மாட்டேன் என்று தலையாட்டிவிட்டு வாசலிலேயே தவித்துக்கொண்டு நின்றேன். ஆரத்தி முடிகிறவரை அவளைப் பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை.

அப்போதுதான் கவனித்தேன். அவள் முகம் சாந்தமாக இருந்தது. வலது கை விரல்கள் முழங்காலில் தாளம் போட்டன. மேளக்காரரின் குச்சி இறங்குவதற்கு ஒரு கணம் முன்னாலேயே அவள் விரல் இறங்கியது. தாளம் மாறுகிற இடத்தில் அவளும் கூடவே மாறினாள். டாக்டரம்மா சொன்னது அப்படியே என் கண்ணெதிரில் நடந்தது.

வெளியே வந்தவளைப் பிடித்துக்கொண்டேன். "காது வலிக்கலையாடி?"

"ஏன் வலிக்கணும்? அடுத்தது என்ன அடிப்பார்னு எனக்குத் தெரியுமே. சின்ன வயசுலேர்ந்து கேக்கறேன்."

"அப்போ வருஷா வருஷம் உடம்பு படுத்தித்தே?"

"அது மாமிகள்" என்றாள், மழை பெய்கிறது என்று சொல்வதுபோல. "பெல் எப்போ அடிக்கும்னு தெரியாது. எத்தனை பேர்னு தெரியாது. திடீர்னு கன்னத்தைத் தொடுவா. பாடச் சொல்லுவா. இந்த வருஷம் யாரும் வரலை. நன்னா இருந்தது."

"ஏண்டி சொல்லலை?"

"யாரும் கேக்கலை. ஹெட்ஃபோன் மாட்டி விட்டேள்." கொஞ்சம் யோசித்தாள். "அம்மா, அடுத்த வருஷமும் நமக்குத் தீட்டு வருமா?"

"அசடே, அபசகுனமா பேசாதே" என்று அதட்டினேன். அதட்டும்போதே சிரிப்பு வந்துவிட்டது. நடுத்தெருவில் அவளைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. தொட்டால் பிடிக்காதே என்று கையை அடக்கிக்கொண்டேன்.

ராத்திரிச் சாப்பாட்டில் இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நம்பாமல் அவளைப் பார்த்தார். அவள் ரசம் சாதத்தைப் பிசைந்துகொண்டே கேட்டாள்.

"அப்பா, கோயம்புத்தூர்ல மாமிகள் இருப்பாளா?"

"நெறைய இருப்பாம்மா. நம்ம மனுஷா அங்கே ஜாஸ்தி."

"அப்போ நான் வரலை. நீங்க ரெண்டு பேரும் போங்கோ." மேலும் ஒரு வாய் சாப்பிட்டாள். "நீங்க ரெண்டு பேரும் இல்லாதப்போ நான் எங்கே சாப்பிடறதுன்னு பௌதிகிட்ட கேட்டுட்டேன். அவா ஆத்துலயே சாப்பிடலாமாம். எனக்குன்னு ஒரு தட்டு தனியா எடுத்து வெச்சிருக்கா. அதுல மீன் போட மாட்டாளாம்."

இவர் கை தட்டிலேயே நின்றுவிட்டது. எங்களுக்கப்புறம் என்ற பேச்சை அவள் தூங்கிய பிறகு, கதவைச் சாத்திக்கொண்டு, குரலைத் தாழ்த்தித்தான் நாங்கள் பேசுவோம். அவளோ அதைத் தன் போக்கில் விசாரித்து, பதிலும் வாங்கிக்கொண்டு வந்து, இன்னும் கொஞ்சம் அப்பளம் வேண்டும் என்றாள். இவர் தன் தட்டிலிருந்த அப்பளத்தை எடுத்துக் கொடுத்தார். அழுகிறார் என்று தெரிந்தது. நான் பார்க்காததுபோல் இருந்தேன்.

விடுமுறை முடிந்து வங்கி திறந்ததும் முதல் வேலையாக, மாற்றல் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார்.

தீட்டுக் கழிந்ததும் நான் பௌதி வீட்டுக்குப் போனேன். அந்தத் தட்டைப் பார்க்கத்தான் வந்தேன் என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. அவளே புரிந்துகொண்டு சமையலறைக்கு அழைத்துப் போனாள். மீன் சட்டி, வாணலி எல்லாவற்றுக்கும் மேலே, அலமாரியில் தனியாக ஒரு எவர்சில்வர் தட்டையும் டம்ளரையும் கவிழ்த்து வைத்திருந்தாள். நான் தட்டை எடுத்துப் பார்த்தேன். புதுத் தட்டு இல்லை. விளிம்பெல்லாம் கீறல் விழுந்து, நன்றாகப் புழங்கியிருந்தது.

"எப்போலேர்ந்து?" என்று கேட்டேன்.

"ரொம்ப வருஷமா" என்றாள் பௌதி. "உன் வீட்டுக்கு ஆள் வந்துட்டுப் போனா, நீ அசந்த நேரமாப் பாத்து இங்கேதான் ஓடி வருவா. உனக்குத் தெரியாதா?"