காவலுக்கு வைத்த என் சிலிப்பர்

இன்று காலை பகாவ் ஊருக்குப் பக்கத்து எஸ்டேட் தோட்டக் கோயிலில் பூசை. மல்லிகா அண்ணி கோலாலம்பூரில் வாங்கிய டிசைனர் ஹீல்ஸ் போட்டு வந்திருந்தார். அது செம்மண்ணில் புதையப் புதைய, என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் வாசல் வரைக்கும் வந்தார்.

அங்கே எல்லாரும் செருப்பைக் கழற்றிப் போடுவதைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

“இத வெளிய விட்டா யாராச்சும் தூக்கிட்டுப் போயிருவாங்க லா. உன் சிலிப்பர இது மேல வை, மறைச்சிரும்.”

என்னுடையது பாசார் மாலாம் இரவுச் சந்தையில் மலிவாக வாங்கியது. காவலுக்கு வைத்தேன். உள்ளே அண்ணி சாமியைவிட வாசலைத்தான் அதிகம் பார்த்தார்.

பூசை முடிந்து வந்தால் ஹீல்ஸ் பத்திரமாக இருக்கிறது. என் சிலிப்பரைத்தான் காணோம்.

“நல்லவேளை, உங்களுது தப்பிச்சிருச்சு அண்ணி” என்றேன்.

அண்ணிக்குச் சந்தோஷமே இல்லை.

“மேல இருந்தத எடுத்தவ கீழ இருந்தத பாத்திருப்பாதானே? பாத்துட்டுமா விட்டுட்டுப் போனா?”

வழியெல்லாம் இதே கேள்வி. வெறுங்காலோடு நடந்த நான்தான் ஆறுதல் சொல்லிக்கொண்டு வந்தேன்.

எடுத்தவர் இதைப் படித்தால், சிலிப்பரை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அவசரத்தில் ஹீல்ஸைக் கவனிக்கவில்லை என்று மட்டும் கீழே ஒரு கமெண்ட் போடுங்கள். அண்ணி இன்னும் சாப்பிடவில்லை.